மாத்திரைக்கு விட்ட லீவு

1. செவ்வாய் காலை, வீரபாண்டியில் டவுன் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.
2. இளையவள் நெற்றியை முன்கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.
3. "கம்பெனிக்கு லீவுன்னா மாத்திரைக்கும் லீவுங்க்கா" என்றாள்.

மூத்தவள் சிரித்தாள். "அப்ப மாத்திரைக்கு ஓ.டி.யும் உண்டா கண்ணு? மனசு செரியில்லேன்னு குடுத்ததுதானே அது?"

"ஆமாங்க்கா. மூளையில நார்அட்ரினலின்னு ஒண்ணு இருக்குதாம். ஒரு நரம்பு அத வெச்சுத்தான் அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லுமாம். சொன்ன கையோட அதுவே திருப்பி உறிஞ்சிக்குமாம். மாத்திரை அப்படி உறிஞ்ச உடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அப்பறம் ஏன் போடாம உட்டே?"

"வேலைக்குப் போறதுக்குத்தானுங்க்கா தெம்பு வேணும். ஊட்ல படுத்துக் கெடக்கறதுக்கு எதுக்கு? ஆர்டர் இல்லேன்னு மூணு நாள் லீவு உட்டாங்கல்ல, மூணு நாளும் போடலீங்க. இப்பத் தலைக்குள்ள கரண்டு அடிக்குது. சும்மாவே அழுகை வருது. இது எனக்குச் சேரலீங்க்கா."

"சேராதத ஏன் திங்கறே? தூக்கிப் போடு சாமி. மாத்திரைக்கு முந்தி இருந்த மாதிரி மறுபடியும் கதவச் சாத்திட்டு மட்டும் உக்காந்துக்காதே."

இளையவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். கம்பெனி ஸ்டாப்பில் இருவரும் இறங்கினார்கள்.

திடீரென்று நிறுத்தியதால்தான் அந்தக் கரண்ட் என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. அவள் மாத்திரையை விட்டு இன்று நான்காவது நாள்.