தன்யகுமார் பெயரில் ஒரு மணி நேரம்

போன மாதம் கிளையண்டுக்கு அனுப்பிய பில்லை எனக்குக் காட்டுங்கள்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னீர்கள், முருகவேல் சார். இருந்தாலும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு என்று மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, ஏசியையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. மற்றபடி குறையில்லை.

என்ன எழுத வேண்டும் என்றும் நீங்களே சொன்னீர்கள். "எட்டு மணி வரைக்கும் தன்யகுமார் நல்லாத்தான் வேலை பார்த்துட்டு இருந்தாரு, திடீர்னு சாஞ்சிட்டாருன்னு எழுதும்மா. சிஸ்டத்துலயும் அப்படித்தான் இருக்கு. அவங்க வீட்டுக்காரம்மா வந்து கேக்கறாங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது அப்படி இருப்பதற்குக் காரணம் நான். இதைப் படிக்கப் போகிறவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் ஆபீஸ் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடியில் இருக்கிறது. வெளிநாட்டில் கட்டடம் கட்டுகிற ஒரு கம்பெனிக்கு, எந்தத் தூணில் எந்தக் கம்பி எப்படி வளைய வேண்டும் என்று வரைந்து அனுப்புகிறோம். கூலி மணிக்கணக்கில். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சாப்ட்வேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். மவுஸ் சற்று நேரம் அசையாவிட்டால் அந்த ஆளின் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். சிவப்பு விழுந்த நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால் யாராவது பாத்ரூம் போனால் பக்கத்து ஆள் அவருடைய மவுஸை உலுக்கிவிடுவது வழக்கம். "ஏய் கீர்த்தனா, என் எலிக்குக் கொஞ்சம் தீனி போடுடி" என்று பூஜா கத்திவிட்டு ஓடுவாள். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே உங்கள் ரூமுக்குப் போய்விடுவீர்கள்.

எல்லோருடைய மணிக்கணக்கையும் சாயங்காலம் சரிபார்த்து உங்களுக்கு அனுப்புவது என் வேலை. "கணக்குல நீ கறார்" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். நான் கறார்தான். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அப்பா வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுக்கா ஆபீஸுக்கும் மாறி மாறி அலைந்தார். அது கைக்கு வந்ததும் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் டீக்கடை, மளிகைக்கடை ஒன்று விடாமல் காட்டினார். என் பெயர் அச்சான தாளை அவர் ஊருக்கே காட்டியது அதுதான் முதல் தடவை.

போன மாதம் ஒரு மாடிப்படி வந்தது. வளைந்து ஏறுகிற படி. எப்படி வரைந்தாலும் கம்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான்தான், சீனியர் தன்யகுமார் சாருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அதை அவிழ்த்தேன். கிளையண்ட் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டான். இவ்வளவு சுத்தமான வரைபடத்தைப் பார்த்ததில்லை, தன்யகுமாருக்கு நன்றி, அவர் எடுத்துக்கொண்ட நேரமும் நியாயமானது என்று.

அன்றைக்குத்தான் பில்லைக் காட்டச் சொல்லி உங்களிடம் வந்தேன்.

"பேருக்கா வேலை பாக்குற? சம்பளத்துக்குத்தானே?" என்றீர்கள். "உன் ரேட்டு கம்மி, அவர் ரேட்டு ஜாஸ்தி. உன் நேரம் அவர் பேர்ல போவுது. அவ்ளோதான் விஷயம். போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் தன்யகுமார் சார் பாதுஷா வாங்கி வந்தார். "எனக்குச் சுகரு, ஆகாது. நீ ரெண்டா எடுத்துக்கோம்மா" என்றார். எதற்கு சார் என்று கேட்டேன். "மெயில் பாக்கலியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "விடும்மா. நானும் எவன் பேர்லயோ அஞ்சாறு வருஷம் வரைஞ்சவன்தான். ஒருநாள் உன் பேர்லயும் எவளாவது வரைவா." ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் நல்லவர். அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பாதுஷாவையும் சாப்பிட்டேன்.

சார் ஜைனர். எங்கள் பக்கம் நயினார் என்போம். பொழுது சாய்ந்துவிட்டால் அவர் வாயில் எதுவும் வைக்க மாட்டார். மலைமேல் வெயில் இருக்கும்போதே உள்ளே போய் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, கையோடு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும் என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் மவுஸுக்குத் தீனி போடுவது எப்போதும் நான்தான்.

பௌர்ணமி அன்று மத்தியானமே ஆபீஸ் காலி. சாயங்காலம் கிரிவலத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டால் யாரும் வண்டி எடுக்க முடியாது. சாரும் நானும் மட்டும் இருந்தோம். ஒரு தூண் வேலை பாக்கி, இன்றைக்கே போயாக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

அவர் ஊசி போட்டுக்கொண்டார். டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "சார், கிளையண்ட் லைன்ல இருக்கான், ஒரு சந்தேகமாம்" என்று கூப்பிட்டேன். மூடி வைத்துவிட்டு வந்தார். கிளையண்ட் கேட்டதாக ஒரு திருத்தம் சொன்னேன். செய்தார். இன்னொன்று சொன்னேன்.

"ஒரு வாய் சாப்ட்டு வந்துடறேம்மா, வெளிச்சம் போயிடும்."

"எழுந்தா சிவப்பு விழும் சார்."

"நீ தீனி போட மாட்டியா?" என்று சிரித்தார்.

"இனிமே கணக்கைக் கரெக்டா எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன் சார். முருகவேல் சாரும் இன்னைக்குப் பார்ப்பாரு."

உங்கள் பெயரைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னலில் மலை கறுத்தது. "இருட்டிடுச்சே" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி. அப்புறம் வியர்க்க ஆரம்பித்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கோட்டை இழுத்தார், அழித்தார், அதே இடத்தில் மறுபடி இழுத்தார்.

"பைல கடலை மிட்டாய் இருக்கும், எடும்மா."

"பொழுது போயிடுச்சே சார்" என்றேன்.

யோசித்தார். உடம்பு ஒன்று கேட்கிறது, காலமெல்லாம் காத்த விரதம் ஒன்று சொல்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு யோசிக்கிற தெம்பும் குறைந்துகொண்டிருந்தது. "ஆமால்ல" என்றார். இரண்டாவது தடவை கேட்டபோது வார்த்தை குழறியது. எனக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். பை அவர் நாற்காலிக்குப் பின்னால், என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் தலையை மேஜைமேல் சாய்த்ததும், என் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அவருடைய மவுஸைப் பிடித்தேன். சும்மா உலுக்கவில்லை. அரைகுறையாக நின்ற தூணை நானே வரைந்தேன். அவசரப்படவில்லை. கீழ்த்தளத்துக் கம்பி மேல்தளத்துக் கம்பியோடு சேருகிற இடம் ரொம்ப அழகாக வந்தது. சாரின் மூச்சுச் சத்தம் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் குறைந்தது. வரைபடத்தைச் சேமித்துவிட்டு, வாட்ச்மேன் முருகையனைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் கிரிவலக் கூட்டத்தில் மாட்டியதால்தான் தாமதம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கூட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். கூப்பிட்டதே தாமதம்.

அவர் மனைவி சுதர்சனா அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது கேட்டாராம்மா?" என்றார். "இல்லக்கா, வேலையிலேயே இருந்தாரு" என்றேன். கேட்டார். கடலை மிட்டாய் கேட்டார்.

கிளையண்ட் லைனில் இல்லை. அவன் ஊரில் அப்போது எல்லோரும் தூங்கியிருப்பார்கள். அந்தத் தூணுக்கு அன்றைக்குக் கெடுவும் இல்லை, அடுத்த வாரம்தான். அவர் ஊசி போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்துதான் கூப்பிட்டேன்.

இதை எதற்கு எழுதுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் சொன்னபடி நாலு வரி எழுதியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அப்படி எழுதுகிற எண்ணத்தோடுதான் நேற்று வரை இருந்தேன். நேற்று சாயங்காலம் கிளையண்டின் இரங்கல் மெயில் வந்தது. தன்யகுமார் கடைசி நிமிடம் வரை வரைந்த தூண் அவர்கள் பார்த்ததிலேயே சிறந்ததாம். அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு, கீழே அவர் பெயரை எழுதி, ஆபீஸ் சுவரில் மாட்டப் போகிறார்களாம். பூஜா படித்துவிட்டு அழுதாள். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காலையில் திருத்திய மணிக்கணக்கைக் கிளையண்டுக்கே நேராக அனுப்பிவிட்டேன். யார் எவ்வளவு நேரம் வரைந்தார், யார் மேஜையில் தலை சாய்த்திருந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. இந்தப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சுதர்சனா அக்கா கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். தாண்டிப் போக மாட்டேன், முதலில் அவரிடம் சொல்வேன்.

ஏசியை அணைத்துவிட்டேன். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டேன். எனக்கு யார் மேலும் கோபமில்லை சார், என்றைக்கும் இருந்ததில்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கீர்த்தனா என்று போடுங்கள். வரைந்தது நான்.