அரை டப்பா குளுக்கோஸ்

காபிக்கு நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. யுத்தத்தில் ரேஷன் வந்தபோது விட்டது. நாக்கு அப்படியே பழகிவிட்டது. ஆகவே நீங்கள் தருவித்திருக்கும் இந்தக் காபியை எடுத்துப் போகச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஸார். உபசாரத்துக்கு நன்றி.

நேற்று நான் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பாஞ்சாலி, குளுக்கோஸ் டப்பாவைத் திருடிவிட்டு என்மேல் கதை கட்டுகிறாள் என்றேன். அது சரியல்ல. சைதாப்பேட்டைக் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தைச் சரிபார்த்தவன். என்னுடையதில் பொய் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. அவள் பார்த்ததாகச் சொன்னது அத்தனையும் நிஜம்.

நீரஜா என் தம்பி மகள். தம்பி போன பிறகு அவளையும் அவள் அம்மாவையும் மயிலாப்பூரில் என் வீட்டோடு வைத்துக்கொண்டேன். தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் படிக்க வைத்தவனும் நான்தான். அடையாற்று முகத்துவாரத்திலிருந்து பாசி வழித்துக்கொண்டு வந்து ஜாடி ஜாடியாக அடுக்குவாள். என் மனைவி காமாக்ஷி, "ஊறுகாய் ஜாடியையாவது விட்டு வைடீ. ஒரு நாள் உங்க பெரியப்பா பாசியைத் தொட்டுண்டு மோர்சாதம் சாப்பிடப் போறார்" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்ததும், சர்க்கார் தன் செலவில் பிள்ளைகளை மேல் ஆராய்ச்சிக்குச் சீமைக்கு அனுப்பப்போவதாக விளம்பரம் வந்தது. நீரஜா பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தாள். "மூணே வருஷந்தான் பெரியப்பா. போய்ட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். அப்போது கூடத்தில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "பேஷாகப் போ" என்றேன். மறுநாள் குளக்கரையில் பார்த்தவர்களெல்லாம் என் விசால மனதைப் புகழ்ந்தார்கள். சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது எங்கள் வழக்கமில்லை. அவளுக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

கல்யாணமாகாத பெண் தனியாகக் கப்பலேறினால் குடும்பத்தின் பெயர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. சர்க்கார் சொல்லலாம். அதில் யாருக்கும் தலைகுனிவில்லை.

பரிசோதனைக்குக் காலைச் சிறுநீரைச் சீசாவில் பிடித்துத் தரச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதிரிச் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பெண் டிராமில் ஏறுவதாவது. நானே வேஷ்டித் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். எந்தப் பெரியப்பா இதைச் செய்வார் என்று அவள் அம்மா கண் கலங்கினாள். முந்தின வருஷம் டைபாய்டிலிருந்து நீரஜா பிழைத்து எழுந்தபோது, தெம்புக்கென்று வாங்கிய குளுக்கோஸ் அரை டப்பா என் அலமாரியில் மீதியிருந்தது. அதில் ஒரு கரண்டி போட்டேன். நன்றாகக் கரைந்தது.

நீரிழிவு என்று தள்ளிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவள்தான் விடவில்லை. "நேக்கு ஒண்ணுமே இல்லை பெரியப்பா. அப்பீல் பண்ணலாமாம். வேற டாக்டர்கிட்ட காட்டலாமே" என்றாள். நியாயமான கோரிக்கை. அப்பீல் மனுவும் போயிற்று. எங்கள் தெரு டாக்டரிடம் காட்டினோம். அவரும் சீசா கேட்டார். நான்தான் கொண்டுபோனேன். பத்தியம் வைத்து, தினம் இன்சுலின் ஊசி போடக் கம்பவுண்டரை அனுப்பினார். வாராவாரம் சீசா போயிற்று. சர்க்கரை குறையக் காணோமே என்று ஊசி மருந்தைக் கூட்டிக்கொண்டே வந்தார். நல்ல டாக்டர். அவர்மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தினால் முதல் பரிசோதனை பொய்யாகும். அப்பீல் ஜெயிக்கும். எப்படி என்று கேள்வி வரும். எங்கள் வீட்டில் இதுவரை யாரையும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

கிணற்றடியில் ஒரு நாள் பாஞ்சாலி பார்த்துவிட்டாள். "இன்னா சாமி, சீசாவுல மாவு போட்டுக்கினு கீறே?" என்றாள். மருந்து என்றேன். "மருந்த வாயில ஊத்துவாங்க. நீ இன்னாடான்னா மூத்திரத்துக்கு ஊத்துற" என்று சிரித்துக்கொண்டே போனாள். எனக்கும் அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஊசி போட்டுவிட்டுக் கம்பவுண்டர் போன பிறகு, நீரஜா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். புடவை வேர்வையில் நனைந்துவிட்டது. நாக்குக் குழறியது. "தித்திப்பா ஏதாவது குடுங்கோ பெரியப்பா. உடம்பு கேக்கறது" என்றாள். காமாக்ஷி வெல்லக்கட்டியோடு ஓடி வந்தாள். நீரஜாவின் அம்மாவே காமாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா, அவளுக்கு அது விஷம்" என்றாள். கொல்லை வாசலில் நின்ற பாஞ்சாலி, "பொண்ணு வாய் தொறந்து கேக்குது, ஒரு துண்டு குடேன் சாமி. நைனா இல்லாத பொண்ணு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊசி ஆரம்பித்த அன்றே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊசி மருந்து அதிகமாகி மயக்கம் வந்தால் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆபத்து என்று சொல்லியிருந்தார். அலமாரிச் சாவி என் பூணூலில்தான் தொங்கியது. திறந்தால் டப்பா அடிமட்டத்துக்கு வந்திருப்பதை நாலு பேர் பார்ப்பார்கள். "பெற்றவள் சொல்வதைக் கேளுங்கள்" என்றேன். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அமைதியான முடிவு.

ஆம், நான்தான் செய்தேன். பாஞ்சாலியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. என் மகன் வைத்தியும் அதே உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தான். இருவருக்கும் ஒரே பாடம்; அதற்கு மாகாணத்தில் ஒரே இடம். அவள் முதல், அவன் அடுத்தவன். அவள் அப்பீல் முடியாததால் அவன் விஷயம் தள்ளிப்போயிருந்தது. இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எழுத வேண்டியதில்லை.

இந்த விசாரணைச் சடங்குகளையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து என்னை அனுப்பிவிட்டால் நல்லது. திங்கட்கிழமை வைத்திக்கு வைத்தியப் பரிசோதனை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை. அவன் சீசாவை எடுத்துப் போக, என்னைவிட்டால் எங்கள் வீட்டில் நம்பிக்கையான ஆள் கிடையாது.