அந்த ஒரு தாளை எடுத்தது நான்தான்

பெயர் ஆரோக்கியசெல்வி. வயது 32. தகப்பனார் பெயர் அந்தோணிராஜ். மாதா கோயில் தெரு, மரக்காணம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்துள்ளேன். திருமணம் ஆகவில்லை.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். என் பெற்றோர் இருவரும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறார்கள். 2019ஆம் ஆண்டு முதல், தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று மரக்காணத்தில் நடத்தும் களநிலையத்தில், உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறித்த ஆய்வில் ஸ்டடி கோஆர்டினேட்டராக வேலை பார்த்தேன். ஆய்வுக்குத் தலைவர் டாக்டர் தெய்வசிகாமணி. அவர் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். 412 பேரிடம் ஆய்வைப் பற்றி விளக்கி ஒப்புதல் வாங்கியதும், அவர்கள் பாத்தியில் இறங்குவதற்கு முன் விடியலில் போய் இரத்தம் எடுத்ததும், ஆறு ஆண்டுகளும் அவர்கள் விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டதும் நான்.

ஆய்வு இந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு மருந்து கம்பெனிகளில் வேலை தேட முடிவு செய்து ரெஸ்யூமே எழுதினேன். முதலில் நான்கு பக்கம் வந்தது. என்னுடன் படித்து இப்போது சென்னையில் மருந்து கம்பெனியில் இருக்கும் பிரியங்காவுக்கு அனுப்பினேன். அவள் போனில், "எல்லா இடத்துலயும் எங்கள் குழு, எங்கள் குழுன்னு எழுதி வெச்சிருக்கியே, நீ எங்கடி இருக்க? நீ இல்லன்னா எது நடந்திருக்காதோ அதை மட்டும் எழுது" என்றாள். அதன் பிறகு அதை இரண்டு பக்கமாகக் குறைத்தேன். "நான்" என்று எழுதக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

அதில் ஒரு வரி, ஆய்வில் இருந்த பச்சமுத்து என்ற உப்பளத் தொழிலாளியைப் பற்றியது. பெயர் போடவில்லை. 2022 ஏப்ரலில் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரின் மெயிலில் பதினொரு நாள் திறக்கப்படாமல் கிடந்தது. நான் லேபுக்குப் போன் செய்து கேட்டபோதுதான் சிறுநீரகம் வேலை செய்யாத நிலை என்று தெரிந்தது. நேராக உப்பளத்துக்குப் போய், கால் கழுவக்கூட விடாமல் அவரைப் பஸ்ஸில் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் இன்று உயிரோடு இருக்கிறார். தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று என்னை நேர்காணலுக்கு அழைத்துத் தேர்வு செய்தது. வேலைக்குச் சேரும் முன், நான் சொன்ன அனுபவம் உண்மைதானா என்று எங்கள் களநிலையத்துக்கு எழுதிக் கேட்டார்கள். 16.06.2025 அன்று கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. நான் தற்காலிகக் களப்பணியாளர் என்றும், ஆட்களைத் திரட்டியதைத் தவிர வேறு பொறுப்பு எனக்கு இல்லை என்றும் டாக்டர் பதில் கொடுத்திருப்பதாகவும், ரெஸ்யூமேயில் பொய் எழுதியதற்கு ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் களநிலையம் போனேன். டாக்டரும் உதவியாளர் ஜெயாவும் இருந்தார்கள். ஏன் அப்படிப் பதில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஆய்வுக் கட்டுரையில கோஆர்டினேட்டர்னு என் மருமக பேரு போயிடுச்சும்மா. ஒரே வேலைக்கு ரெண்டு பேர காட்ட முடியாதுல்ல" என்றார். அந்த அம்மாள் உப்பளத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதைச் சொன்னேன். உடனே அவர் கம்பெனி அனுப்பியிருந்த என் ரெஸ்யூமேயை எடுத்து, பச்சமுத்து பற்றிய வரியை ஜெயாவுக்குக் கேட்கும்படி படித்துவிட்டு, "ஒருத்தன பஸ்ல கூட்டிட்டுப் போனதெல்லாம் அனுபவமா? நீ உப்பளத்துப் பொண்ணு, உன் மூஞ்சிய பார்த்து ஆளுங்க வந்தாங்க. அதுக்கு மேல நீ என்ன பண்ணிட்ட?" என்றார்.

ஆய்வுக் கோப்புகள் இருக்கும் கண்ணாடி அலமாரியின் சாவியை ஜெயாவிடம் கேட்டேன். கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு ஸ்டூலை எடுத்து அலமாரிக் கண்ணாடியை உடைத்தேன். ஒரே அடிதான். முதல் கோப்பிலிருந்து ஒரு தாளை மட்டும் எடுத்தேன். ஆய்வில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் அது. அதில் இரண்டாவது பெயர் என்னுடையது. எதிரே கோஆர்டினேட்டர் என்று டாக்டர் தன் கையால் எழுதி, 2019ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மருமகள் பெயர் அதில் எங்கும் இல்லை.

இந்தக் காவல் நிலையத்தில் டாக்டர் கொடுத்த புகாரில் நான் அவரைப் பிடித்துத் தள்ளியதாகவும் நோயாளிகளின் கோப்புகள் மூன்றைத் திருடியதாகவும் உள்ளது. இரண்டும் பொய். டாக்டரை நான் தொடவில்லை. ஜெயாவைக் கேட்கலாம். கோப்புகளில் எங்கள் ஊர்க்காரர்களின் பெயரும் நோயும் இருக்கின்றன. அவற்றை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். கண்ணாடியை உடைத்தது உண்மை. அதற்காக வருந்துகிறேனா என்று தாங்கள் கேட்டீர்கள். இல்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கடிதம் எழுதினால் டாக்டர் புகாரை வாபஸ் வாங்குவார் என்று தாங்கள் சொன்னீர்கள். வெளியே நிற்கும் என் அப்பாவும், "எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, பெரிய எடத்து ஆளு" என்றார். நான் எழுத மாட்டேன். தாளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அசல் அவர் கைக்குப் போனால் என் போட்டோவைப் பொய் என்று சொல்வார். அதனால் தாளை அவரிடம் கொடுக்காமல் தங்களிடம் ஒப்படைக்கிறேன். என் மீது வழக்குப் பதிவு செய்து, இதை வழக்குச் சொத்தாகக் கைப்பற்றி, எண் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வழக்கு இருந்தால் அந்தக் கம்பெனி வேலை எனக்குக் கிடைக்காது என்று தெரியும். நான் கோர்ட்டில் ஏறும் நாளில் அவரும் ஏறித்தான் ஆக வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவரை அங்கே கேட்க வேண்டும்.

இதைப் பெண் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். "கோபத்தில் தெரியாமல் செய்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன். அடித்தார். தெரிந்தே செய்தேன். மற்றவை நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்) அ. ஆரோக்கியசெல்வி
18.06.2025, மரக்காணம்