மீண்டும் முயற்சிக்கவும்

ஒரு பூட்டு வாங்க இத்தனை மாதம் யோசித்த ஆள் எங்கள் குடியிருப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். செருப்பு வாங்கப் போனால்கூடக் கடைக்காரர் கொட்டாவி விடும்வரை போட்டுப் போட்டுப் பார்ப்பவன். என் தொழில் அப்படி, ஐயா. சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். போட்டால் எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும். அதற்கு மேல் ஒரு பொருளிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. பூட்டில் கோளாறு என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்தப் பூட்டில் ஒரு குறையும் கிடையாது.

மூன்றாவது மாடியில் நானும் அப்பாவும் மட்டும்தான். என் மனைவி என்னை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது. அவள் போனபோது சாதாரணப் பூட்டுதான் இருந்தது. அதன்பிறகுதான் வீட்டை ஒவ்வொன்றாக மாற்றினேன். விளக்கு சொன்னால் எரியும். திரைச்சீலை சொன்னால் விலகும். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கொத்தனார் அப்பா, இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் தானா நடக்குது, பேசறதுக்குத்தான் ஆளில்ல" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தைத்தது.

என் தம்பி நாலு தெரு தள்ளி இருக்கிறான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டே அறை, அதற்குள் மூன்று பிள்ளைகள், சந்தைக்கடை இரைச்சல். அவன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியில்லை; ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துப் பகலெல்லாம் திறந்தே வைத்திருப்பான். ஊரார் கதவையெல்லாம் செய்துகொடுப்பவன் தன் கதவைச் சரிசெய்ய மாட்டான். அப்பாவுக்கு அந்த வீடுதான் பிடித்தது. நான் வேலைக்குக் கிளம்பியதும் அங்கே போய்விடுவார். சாயங்காலம் நான் போய் அழைத்துவர வேண்டும். ஒருநாள், "நான் இங்கேயே இருந்துடறேன்டா" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மூத்தவன் வீட்டில் பெற்றவர் தங்கவில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, வழி தெரியாமல் எங்கெங்கோ போய்விடுகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். வழி தெரியாமல் போனவர் ஒவ்வொரு முறையும் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் பூட்டு தேட ஆரம்பித்தேன். எண் அழுத்தித் திறப்பது, அட்டை காட்டித் திறப்பது, கைரேகைக்குத் திறப்பது என்று எத்தனையோ வகை. வாங்கியவர்கள் எழுதிய நிறைகுறைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஒரு கைரேகைப் பூட்டைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அவர் மேஸ்திரியாம்; விரல் தேய்ந்துபோனதால் சொந்த வீட்டுக்குள்ளேயே அந்தப் பூட்டு தன்னை விடவில்லையாம். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு வேறு பூட்டுக்குப் போயிருப்பார்கள். நான் தேடுவதை அங்கே நிறுத்தினேன்.

மாட்ட வந்த மெக்கானிக் நல்ல மனிதர். உள்பக்கமும் கைரேகை வேண்டும் என்று சொன்னதும் தயங்கினார்.

"உள்ள கைப்பிடியைத் திருகினா தொறக்கணும் சார். அதுதான் வழக்கம். ஆபத்துனு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்பாவுக்கு மறதிங்க. ரோட்டுல போய் அடிபட்டார்னா?"

அவருக்கும் ஒரு அப்பா இருந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுவிட்டு நான் சொன்னபடி மாட்டினார். அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாக, "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. அப்பா சிரித்தார். "சிமென்ட் தின்னுடுச்சுய்யா" என்று கையை விரித்துக் காட்டினார். வேறு வகைப் பூட்டு மாற்றித் தருவதாக மெக்கானிக் சொன்னார். வேண்டாம், பழகிவிடும் என்றேன். அவர் மனசு ஆறாமல், புகை வந்தால் கதவு தானாகத் திறக்கும்படி கூரையில் இருந்த புகைமானியோடு பூட்டை இணைத்துவிட்டுப் போனார். நானும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.

முதலில் கொஞ்ச நாள் அப்பா கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார். அறியாத விரல் என்று தொழிற்சாலையில் இருக்கும் என் கைப்பேசிக்குச் செய்தி வரும். திறக்கவா, வேண்டாமா என்று கேட்கும். பிறகு அதுவும் நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தம்பி பிள்ளைகள் பள்ளி விட்டுப் போகும்போது கீழே நின்று, "தாத்தா, எறங்கி வா" என்று கத்துவார்கள். அவர் கையை மட்டும் ஆட்டுவார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் கல்மனசு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒருநாள் பால் தீய்ந்து புகை எழுந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். கட்டடத்தையே கரைத்துக் குடித்தவர். ஒருமுறை பார்த்தால் போதாதா? அதன்பிறகு நான் போனதும் ஈரத்துணியை வாணலியில் போட்டுத் தீய்ப்பார், புகைமானிக்குக் கீழே தூக்கிப் பிடிப்பார், கதவு திறந்ததும் போய்விடுவார். நான் வந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும். வாணலி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மறதிக்காரர் செய்கிற வேலையா அது? எனக்கே ஒரு கணம் சிரிப்பு வந்தது. ஒருநாள் நான் அழைத்துவரப் போனபோது, அப்பா தம்பி வீட்டில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "உன் பூட்டு ரொம்ப நல்ல பூட்டுடா" என்றார். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பு என்னை விட்டுப் போய்விட்டது.

அன்றைக்கே புகைமானிக்கும் பூட்டுக்கும் இருந்த இணைப்பை எடுத்துவிட்டேன். கைப்பேசியில் ஒரு விரல் பட்டால் போதும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. சொல்லியிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார், ஐயா.

மறுநாள் முற்பகலில் புகை என்று செய்தி வந்தது. எதிர்பார்த்ததுதான். கதவு திறக்கவில்லை. பாவம், புகை போதவில்லை என்று நினைத்திருப்பார். இன்னும் துணி போட்டிருக்கிறார். எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் ஆட்டோக்காரர் போனில் கூப்பிட்டார்.

"சார், உங்க வீட்டுலேர்ந்து புகை குபுகுபுன்னு வருது. கதவு தொறக்க மாட்டேங்குது."

"அப்பா வேலைதாங்க அது. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

ஆட்டோக்காரர் அதோடு விடவில்லை. தம்பிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். தம்பி கடப்பாரையோடு ஓடிவந்திருக்கிறான். இரும்போடு மல்லுக்கட்டுகிறவன், அவனாலேயே அந்தக் கதவை அசைக்க முடியவில்லை. கனமான கதவாகப் பார்த்து நான்தான் போட்டிருந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டபோது, அவன் பேச்சுக்குப் பின்னால் அந்தப் பெண்குரல் கேட்டது. மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்.

"அண்ணா, போன்லயே தொறக்கலாமாமே. தொறண்ணா. உள்ள இருமறது கேக்குதுண்ணா."

"அமுக்கிட்டுத்தான்டா இருக்கேன். பூட்டு கேக்க மாட்டேங்குது."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். பூட்டு கொன்றுவிட்டது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுவதும், நீங்கள் அந்தப் பூட்டைக் கழற்றி எடுத்துப்போனதும் இதனால்தான். கழற்றிப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. அது தனக்குச் சொன்னதைச் செய்தது.

அப்பா வழக்கம்போல் புகை காட்டி ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நானும் வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் தர்க்கம் இடிக்கிறது. ஏமாற்றுகிற நாட்களில் அப்பா கட்டைவிரலை வைத்ததே இல்லை. அது வேலைக்காகாது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு வைத்தார்; உள்பக்கத்து விரல் என்று கைப்பேசியே காட்டியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுகை என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார், அத்தனை செய்தி வந்தது. வேறு வழியே இல்லாதவர்தான் அப்படி வைப்பார். பரிசோதகன் எனக்கு அது புரியாமலா இருக்கும்?

ஒவ்வொரு தடவையும் கைப்பேசி கேட்டது. அறியாத விரல், கதவைத் திறக்கவா, வேண்டாமா. நான் வேண்டாம் என்பதை அழுத்தினேன். தம்பி காதில் அழுதுகொண்டிருக்கும்போதும் அழுத்தினேன். கடைசியில் கேட்பதை அது நிறுத்திக்கொண்டது.

எழுதிக்கொள்ளுங்கள், பூட்டின் பேரில் பழி வேண்டாம். நான் என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். கதவுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். திறந்திருந்தால் அப்பா அவனோடு போயிருப்பார்.