தேர் அன்றைக்கு ஏறிய மதிப்பெண்

காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்ததும் சாமி பேரைச் சொல்வது நல்ல பழக்கம்தான், மேடம். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. எங்கள் தேர்வுப் பிரிவில் கமலவேணி அம்மா தினமும் அப்படித்தான் வேலையைத் தொடங்குவார். கைப்பையை இழுப்பறைக்குள் வைப்பார். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒட்டியிருக்கும் பெருமாள் படத்துக்கு ஒரு கும்பிடு போடுவார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். தட்டும்போது உதடு அசையும், வரதராஜா என்று முணுமுணுப்பது பக்கத்து மேஜைக்கும் கேட்கும். கல்லங்குறிச்சிப் பெருமாள் அவர்களுக்குக் குலதெய்வம். கடவுச்சொல்லும் அவர் பெயர்தான், பின்னால் மகள் பிறந்த வருஷம்.

இதை நான் திருடினேன் என்று நீங்கள் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த அறையில் சும்மா நின்றாலே போதும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் 'உங்க குலதெய்வம் எதுங்க' என்று கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்லாதவர் உண்டா? சாமி பேரோடு கோயிலுக்கு எந்த பஸ்சில் போகவேண்டும், எந்த மாதம் படையல் என்பதுவரை சொல்வார்கள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் பாதிக் கம்ப்யூட்டர்களை என்னால் திறக்க முடிந்தது.

என் பெயர் அறிவுச்செல்வன். ஜெயங்கொண்டம் பக்கம் ஊர். பெரம்பலூருக்கு வெளியே அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. எனக்கு அது வெறும் வேலையாக இருக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் போட்டேன். போண்டாவும் டீயும் உண்டு என்றால் வந்தார்கள், தீர்ந்ததும் எழுந்து போனார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர் என்று வண்ணத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். அதன்மேல் யாரோ புடவைக் கண்காட்சி நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தேன். திறக்காதே என்று தலைப்பிலேயே எழுதி அனுப்பினாலும் திறந்து பார்க்கும் ஜனங்கள் அவர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது தேர்வுப் பிரிவின் ஒரு வழக்கம். யாருக்காவது அவசர வேலை வந்தால் விடுப்பு எழுதமாட்டார்கள். காலையில் வருகையைப் பதிந்துவிட்டு, மத்தியானம் நழுவிவிடுவார்கள். நழுவும்போது கடவுச்சொல்லைப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் இவர் நாற்காலியில் உட்கார்ந்து இவர் பெயரிலேயே வேலையை முடித்துவைப்பார். நாளைக்கு அவருக்கு இவர். இதை அவர்கள் தப்பாகவே நினைக்கவில்லை, ஒரு மாதிரி பெருமையாகக்கூட நினைத்தார்கள்.

இது ஆபத்து என்று ஒரு கூட்டத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கமலவேணி அம்மா எழுந்தார். நீலப் புடவை, வாயில் வெற்றிலை வாசம். "தம்பி, ஊருக்குப் போவயில வூட்டுச் சாவியப் பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போறதில்லையா? அவங்க என்ன, நம்ம வூட்டையா தூக்கிட்டுப் போயிட்டாங்க? ஒங்களுக்கு அப்படிப் பக்கத்து வூடு வாய்க்கல போலருக்கு, பாவம்."

சிரித்தார்கள். பதிவாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. நான் தனியாக இருக்கிறவன், அவர் சொன்னது உண்மையும்கூட. சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம், மின்விசிறி ஒன்று ஓடவில்லை, அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன். சொல்லிச் சொல்லிப் பயனில்லை, பயம் இருந்தால்தான் புத்தி வரும் என்று தோன்றியது. ஒருவருக்கு உண்மையாகவே ஏதாவது நடக்கவேண்டும். அந்த ஒருவர் எல்லோருக்கும் வேண்டியவராக இருக்கவேண்டும். கமலவேணி அம்மாவை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால்தான் அவர். வேறு காரணம் இல்லை.

அவருடைய மகள் அபிநயா எங்களிடமே கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். குரும்பலூரிலிருந்து அம்மாவும் மகளும் ஒரே பஸ்சில் வந்து ஒரே பஸ்சில் போவார்கள். கணவர் காலமாகிவிட்டார். அந்தப் பெண் பட்டம் வாங்கி, மேற்படிப்புக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு பேச்சே கிடையாது. மதிப்பெண்ணைத் திருத்துவது என்று முடிவுசெய்ததும் யாருடையது என்பது தானாகவே தெளிவானது. வேறு மாணவருடையதைத் திருத்தினால், ஐயோ பாவம், அசட்டையாக இருந்துவிட்டார் என்று பரிதாபப்படுவார்கள். பரிதாபம் இருக்கும் இடத்தில் விழிப்புணர்வு வராது. சொந்த மகளுடையது என்றால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

கல்லங்குறிச்சித் தேர் அன்றைக்கு மத்தியானம் அவர் வழக்கம்போல நழுவினார். அவர் நாற்காலியில் ரத்தினம்மாள் உட்கார்ந்திருந்தார். தற்காலிக ஊழியர், பயந்த சுபாவம். நான் தேர்வுப் பிரிவுக்குப் போன் போட்டு, பதிவாளர் அறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவரை மாடிக்கு வரச் சொன்னேன். அவர் படியேறிய பிறகு உள்ளே போனேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பெருமாள் படத்தில் காலையில் வைத்த பூ வாடாமல் இருந்தது. வரதராஜா என்று தட்டினேன். என் உதடும் அசைந்ததா என்று தெரியவில்லை. அபிநயா ஒரு தாளில் உண்மையாகவே நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அதை இன்னும் நல்ல மதிப்பெண்ணாக மாற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் வழக்கமான தணிக்கையில் அதை நானே கண்டுபிடித்தேன்.

என் அறிக்கையில் ஒரு பொய்கூடக் கிடையாது, எடுத்துப் பாருங்கள். கமலவேணி என்ற பயனர் பெயர், கமலவேணியின் கடவுச்சொல், கமலவேணியின் கம்ப்யூட்டர். எல்லாமே நிஜம். யார் விரல் என்று அதில் எழுத இடமில்லை. விசாரணைக்குழுவும் அதைக் கேட்கவில்லை. வருகைப் பதிவில் அவர் அன்று முழுநாளும் ஆபீசில் இருந்ததாகத்தான் இருந்தது.

கொஞ்சநாள் விட்டுப்பிடித்து, கூட்டத்தில் எழுந்து, நான்தான் செய்தேன், பார்த்தீர்களா எவ்வளவு சுலபம் என்று சொல்லிவிடத்தான் திட்டம். இதை நீங்கள் நம்பவேண்டும். ஆனால் அந்த வாரமே ஊழியர்கள் என் அறைக்கு வரிசையாக வர ஆரம்பித்தார்கள். கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். தம்பி என்று கூப்பிட்டவர்கள் சார் என்றார்கள். போண்டா இல்லாத கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. இவ்வளவு நன்றாக நடக்கிற காரியத்தை நடுவில் கெடுக்க மனம் வரவில்லை.

பிறகு கமலவேணி அம்மாவே என்னைத் தேடி வந்தார். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார் அப்போது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நான் செய்யலன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியுமில்ல? அதக் கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெட்டி உங்கள் பெயரைத்தான் சொல்கிறது என்றேன். என்றைக்கு நடந்தது என்று கேட்டார். தேர் அன்றைக்கு என்றேன். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரத்தினம்மாளின் பெயர் அந்த முகத்தில் வந்து நின்றது, வாய்க்கு மட்டும் வரவில்லை. தனக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பெண்தான் அசட்டுத்தனமாக இப்படிச் செய்துவிட்டாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நான் அதை மறுக்கவில்லை.

"என் பாஸ்வேர்ட வேற யாராவது போட்டிருந்தா, அவங்களுக்கு என்னாகும்?" என்றார்.

"வேலை போயிரும்மா. போலீசுக்கும் போவும்."

"பாப்பாவுக்கு?"

விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அபிநயாவின் தேர்வு மொத்தமும் ரத்தாகும் என்றேன். நீங்களே செய்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால், மகளுக்குத் தெரியாமல் நடந்தது என்று அந்த ஒரு தாளோடு விட்டுவிடுவார்கள் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான், அப்படித்தான் பிறகு நடந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான்தான் செஞ்சேன்னு எழுதிருங்க. எனக்கு அந்த இங்கிலீசெல்லாம் வராது. நீங்களே எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஆக, இது நான் எழுதும் இரண்டாவது வாக்குமூலம் மேடம். முதலாவது இதைவிட நன்றாக வந்திருந்தது. அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எதிலும் கையெழுத்திடும் முன் படியுங்கள் என்பதும் என் பாடத்தில் உண்டு.

வேலை போயிற்று. குரும்பலூரில் யாரோ ஒருவர் களத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்து கொடுக்கப் போகிறார் என்று சொன்னார்கள். அபிநயா அம்மாவை விட்டுவிட்டு அரியலூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் கேட்டதை அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லி எங்கள் ஆபீஸ் முழுக்கத் தெரியும். "நான் நல்லாத்தானே எழுதியிருந்தேன்? எம்மேல ஒனக்கு அவ்ளோதான் நம்பிக்கையாம்மா?" அதற்கும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லையாம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் இருவரையும் நானே பார்த்தேன். அம்மா ஒரு பூச்சரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அரியலூர் பஸ்சில் ஏறுகிறாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பஸ் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அந்தச் சமயத்தில் மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொன்னார்கள். எங்கோ வெளிநாட்டில் நடந்த உதாரணத்தைச் சொன்னால் யார் கேட்பார்கள்? நம் வீட்டில் நடந்ததைக் காட்டினேன். பெயரை மறைத்துவிட்டேன், அந்த மரியாதை எனக்குத் தெரியும். தேதியையும் நேரத்தையும் மட்டும் பெரிய எழுத்தில் திரையில் போட்டேன். அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இவ்வளவு பேருக்கு நடுவில் திரையை ஒழுங்காகப் படிக்கிற ஒருத்தி இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அபிநயா பின்வரிசையில் எழுந்து நின்றாள். "சார், அது தேர் அன்னிக்கு. அந்த நேரத்துல நானும் எங்கம்மாவும் கல்லங்குறிச்சியில தேர் வடம் புடிச்சிக்கிட்டிருந்தோம்." சொல்லிக்கொண்டே போனில் இருந்த படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களிடம் நீட்டினாள். அம்மா நெற்றியில் வியர்வையும் நாமமும் வழிய, மகள் தோளில் கைபோட்டு நிற்கிற படம். படம் எடுத்த நேரமும் அதிலேயே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். நடைபாதைக் கேமராவில் நான் தேர்வுப் பிரிவுக்குள் போவது இருக்கிறது. நீங்கள் அதைக் காட்டியதால்தான் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம், கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். ஆம், கமலவேணி அம்மாவின் பெயரில் நுழைந்து மதிப்பெண்ணை மாற்றியது நான். அறிக்கை எழுதியது நான். செய்யாததைச் செய்தேன் என்று அவரைச் சொல்லவைத்ததும் நான்.

அவரையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். உங்களிடமும் தான்தான் செய்ததாகச் சாதித்திருப்பார். மகள் அந்தப் படத்தைக் காட்டிக் காலைப் பிடித்து அழுதபோதும் அதையே சொன்னாராமே. அன்று இல்லை என்று ஒப்புக்கொண்டால் நாற்காலியில் இருந்தது யார் என்று கேட்பீர்கள் அல்லவா. ரத்தினம்மாளுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் யாராவது போய்ச் சொன்னால் ஒருவேளை வாயைத் திறப்பார். ஆபீஸ் முழுக்கக் கடவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷி, இன்றைக்கு ஒரு ரகசியத்தை இப்படிக் காப்பாற்றுகிறார். என் பயிற்சி வீண்போகவில்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று கூட்டத்தில் சிரித்ததை மனதில் வைத்துக்கொண்டு செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். முதலில் சிரித்தது கணக்குப் பிரிவு வேல்முருகன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குலதெய்வம் சிறுவாச்சூர்க் காளியம்மன். எல்லோரும் பயந்துபோய்க் கடவுச்சொல்லை மாற்றியபோது அவரும் மாற்றினார், மாமனார் வீட்டுச் சாமி பேருக்கு.