பன்றியோடு பழக்கமா?

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.17. தூறல், ஆறு பாகைக் குளிர். டென்மார்க்கின் ஒடென்சே நகர ட்ராமில் என்னோடு பதினொரு பேர். என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரின் சீருடையில் இருந்தார். மூத்தவர் கைப்பேசியில் ஒரு படிவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“முழங்கால் ஒப்பரேஷனுக்கு, பண்டியோடை பழக்கமோ எண்டு கேக்கினம்!”

“பண்டியிலை மருந்துக்கு மசியாத கிருமி இருக்கும், அக்கா. வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலை படுத்தனீங்களோ எண்டும் கேப்பினம்.”

“ஓம், கேட்டிருக்கு. போன மாசம் யாழ்ப்பாணத்திலை காய்ச்சலோடை நாலு நாள் படுத்ததை எழுதினால் ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவினமோ? எட்டு மாசமாக் காத்திருக்கிறன். இல்லையெண்டு போடட்டோ?”

“கிருமி இருந்தால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒட்டுமக்கா. போன் எடுத்துக் கேளுங்கோ.”

மூத்தவர் மருத்துவமனையை அழைத்து டேனிஷில் பேசினார். நான் இறங்கவேண்டிய இடம் வந்தது. பதில் தெரியாமல் இறங்க மனம் வரவில்லை.

“மூக்குக்குள்ளை பஞ்சு விட்டுப் பாப்பினமாம். முடிவு வருமட்டும் தனியறையாம். திகதி மாறாதாம்!”

“பாக்க வாறவையும் உடுப்பு மறைய மேலங்கி போடோணும், அக்கா.”

“அப்ப புதுச்சீலை காட்ட மச்சாள் வரமாட்டா!”

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். நான் மூன்று நிறுத்தங்கள் தாண்டியிருந்தேன். திரும்பிவரப் புதுச் சீட்டு, இருபத்து நான்கு குரோனர்.