பள்ளத்தில் மூட்டும் அடுப்பு

ஆறு படுக்கிற இடத்தில் பாய் விரிக்கிற மூடர்கள்... அபிராமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. த்ரீவீல் குலுங்கிய குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அபிராமி வேறு யாருமில்லை, நம் வெள்ளவத்தை ரமணியின் அக்கா. கொட்டாஞ்சேனையில் புவியியல் படிப்பிக்கிறவள். நேரம் மாலை ஆறரை. ஹெந்தளைக்கு உள்ளே, களனி ஆற்றுப் பக்கமாக, செம்மண் கொட்டி நிரப்பிய புதுப் பாதை. அதன் முடிவில், நிரப்பிய பள்ளத்தில், அவள் கணவன் கட்டிய புது வீடு; இன்று பால் காய்ச்சுகிறார்கள். விளக்குக் கம்பம் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை. மழை மட்டும்...

பாதை முடியுமுன், த்ரீவீல் ஓட்டிவந்த இப்ஹாம் வண்டியை நிறுத்தினான்.

"டீச்சர், இதுக்கு அங்கால நான் வரமாட்டேன்."

"ஏன், பேயா?"

"பேய் இல்ல டீச்சர். தோணி."

ஏளனமாகச் சிரித்தாள். தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள்.

முதன்முதல் இங்கே குடியேறியவர்கள் பள்ளிக்கூடம் போனதில்லை, புத்தி இருந்தது. ஆறே வண்டல் கொட்டி உயர்த்திய கரைமேட்டில் வீடு கட்டினார்கள். பின்னால் கிடந்த பள்ளத்தை ஆற்றுக்கே விட்டார்கள். வெள்ளம் வரும், வண்டலை வைத்துவிட்டுப் போகும், பிறகு இறங்கி விதைப்பார்கள். பள்ளத்தில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. வெள்ளத்தில் அகப்பட்ட வயல் காவல்காரன்தான் பரணிலிருந்து நெருப்புக் காட்டுவான். மேட்டிலிருந்து தோணி வந்து அவனை ஏற்றிப் போகும். பள்ளத்தில் நெருப்பு என்றால், வந்து ஏற்றிப் போ என்று அழைப்பு.

இதைச் சொன்னபோது அவள் கணவன் சாத்தப்பன் கேட்டான்: "அஞ்சடி நிரப்பியிருக்கு. உன்னோட ஆறு ஏணி வச்சா ஏறி வரும்?"

அவனோடு எதைப் பேசுவது?

வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில் வேறொன்று... அழுகிய நாணல், மீன் செதில், பழைய சேறு.

"வந்துட்டாங்க, ஆத்துக்கு வக்கீல்!" என்றான் சாத்தப்பன்.

மாமியார் வெள்ளையம்மா பால் பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள். மூத்த மருமகள் கையால்தான் முதல் நெருப்புப் பற்ற வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். பால் பொங்கிவிட்டால் அன்றிரவே எல்லோரும் அங்கே படுக்க வேண்டும். பிள்ளையும்தான்.

சளப்...

மழை என்றுதான் நினைத்தாள்.

சளப்... சளப்...

துடுப்பு. ஆற்றுப் பக்கமிருந்து இல்லை. தரைக்குக் கீழிருந்தும் இல்லை. தலைக்கு மேலே. கொங்கிறீட் கூரைக்கும் மேலே... நீர்மட்டம் அங்கே இருப்பதுபோல. எதுவோ உரசிக்கொண்டு வந்து நின்றது. சீமெந்தில் மரம் தேய்கிற சத்தம்.

படித்தவளுக்கும் இதுவா என்று தன்னையே இகழ்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக் கூரை. ஈரமே இல்லை. அதிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு, பானைக்குள் விழுந்தது.

சாத்தப்பனின் சிரிப்பைக் காணவில்லை. ஆனாலும் அவன் மேலே பார்க்கவில்லை. வெள்ளையம்மா கரண்டியால் அந்தக் கறுப்பை அள்ளி ஊற்றிவிட்டு, நெருப்புப்பெட்டியை நீட்டினாள்.

"பத்த வையும்மா. நல்ல நேரம் போகுது."

மேலே துடுப்புகள் நின்றன. ஒன்றல்ல, நிறைய. அவையும் காத்திருந்தன...

தோளில் கிடந்த மகள், கண் திறக்காமலே ஒரு கையை மேலே நீட்டினாள். யாரோ தூக்க வந்திருப்பதுபோல.

அபிராமி அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நான் பத்த வைக்கல, அத்தை," என்றாள், மெதுவாக.